நான் எழுதிக் கொடுத்த முற்பகல்

முப்பது ஆண்டுகள் கல்லூரியில் அறவியல் கற்பித்தேன். அதற்கான தகுதி எனக்கு உண்டு என்று பல்கலைக்கழகம் சான்றிதழ் கொடுத்திருந்தது. என் பணிப்பதிவேட்டின் பதினோராம் பக்கத்தில், 'பொய்யான பதிவு செய்ததற்காகக் கண்டிக்கப்பட்டார்' என்று சிவப்பு மையில் ஒரு வரியும் இருக்கிறது. ஓய்வூதியக் கோப்பு போனபோது திருவனந்தபுரத்தில் யாரோ ஒரு குமாஸ்தா அந்த வரிக்கு எதிரே கேள்விக்குறி போட்டுத் திருப்பி அனுப்பினார். 'மேற்படியார் கற்பித்த பாடம் எது என்று தெளிவுபடுத்தவும்' என்று கேட்டிருந்தார். தெளிவுபடுத்தினேன். அதற்குப் பிறகு எந்தக் கேள்வியும் வரவில்லை. அந்த அலுவலகத்தில் அன்று எல்லோரும் சிரித்திருப்பார்கள் என்று நினைக்கிறேன்.

என் மக்களுக்குத் தமிழ் வாசிக்க வராது. மலையாளம்தான். அதனால் இதைத் தைரியமாக எழுதுகிறேன்.

எழுபதுகளின் தொடக்கத்தில் மட்டாஞ்சேரியில் ஒரு தனியார் கல்லூரி தத்துவத்துறைக்கு இரண்டு விரிவுரையாளர்களை எடுத்தது. ஒருவன் நான். என் அப்பா திருநெல்வேலியிலிருந்து வந்து இங்கே ஒரு சுக்கு மண்டியில் சரக்குத் தரம் பிரித்தவர். எங்கள் வீட்டிலிருந்து கல்லூரிக்கு ஐந்து நிமிட நடை; மூட்டை ஏற்றிய கைவண்டிகளுக்கு ஒதுங்கி நின்றால் எட்டு நிமிடம். இன்னொருவர் திருப்பூணித்துறைக்காரர். பாலக்காட்டிலிருந்து இரண்டு தலைமுறைக்கு முன்பு வந்த தமிழ்க் குடும்பம். அவர் எர்ணாகுளம் வரை பஸ்ஸிலும், அங்கிருந்து மட்டாஞ்சேரி ஜெட்டி வரை படகிலும் வரவேண்டும்.

நியமன உத்தரவில் ஒரு நிபந்தனை இருந்தது. கல்லூரி திறக்கும் நாளன்று முற்பகலில் பணியேற்க வேண்டும். தவறினால் நியமனம் ரத்து, பட்டியலில் அடுத்தவர் அழைக்கப்படுவார். நான் ஒன்பதரைக்கே போய்ப் பணியேற்பு அறிக்கை எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு, அலுவலகத்தில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். சாப்பாட்டு மணி அடித்தது. அதற்கும் அரை மணி நேரம் கழித்து, கழுத்துவரை நனைந்து, முழங்காலில் பாயல் ஒட்டிக்கொண்டு, ஒரு மனிதர் வாசலில் வந்து நின்றார்.

அந்தக் காலத்தில் கொச்சிக் காயல் முழுக்க ஆப்பிரிக்கன் பாயல் என்கிற நீர்க்களை மண்டிக் கிடந்தது. படகின் விசிறியில் அது சுற்றிக்கொண்டால் நடுக்காயலில் நிற்க வேண்டியதுதான். அன்று அவர் வந்த படகு நின்றுவிட்டது. ஒன்றரை மணி நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, வழியில் போன ஒரு வள்ளத்தைக் கூப்பிட்டு ஏறி, கரையில் இறங்கும்போது வழுக்கித் தண்ணீரில் விழுந்திருக்கிறார். பல் தந்தியடித்தது. பியூன் உள்ளே போய்த் தன்னுடைய மாற்று முண்டைக் கொண்டுவந்து கொடுத்தார். அதைக் கட்டிக்கொண்டு வந்து அவர் மேசைமுன் நின்றபோது, அலுவலகக் கண்காணிப்பாளர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார், உத்தரவைப் பார்த்தார்.

"என்ன செய்யறது சாரே, டைம் கழிஞ்சு போச்சல்லோ."

"படகு... நடுக்காயல்ல... பாயல்..." என்றார் வந்தவர். பேனாவை எடுத்தார், ஈரச் சட்டைக் கையிலிருந்து தாளில் நீர்தான் சொட்டியது.

நான் எழுந்து போனேன். என்னை யாரும் கூப்பிடவில்லை. இதை நான் பலமுறை யோசித்திருக்கிறேன், யாரும் கூப்பிடவில்லை.

"முற்பகல்னு போட்டுட்டா யாருக்கு என்ன சார்? நானே எழுதிக் கொடுத்துடுதேன்" என்றேன்.

கண்காணிப்பாளர் நாற்காலியைத் திருப்பி ஜன்னல் பக்கமாக உட்கார்ந்தார். "நான் ஒண்ணும் கண்டில்ல" என்றார் வெளியே உட்கார்ந்திருந்த காக்கையிடம்.

நான் எழுதினேன். 'இன்று முற்பகல் பணியேற்றுக்கொண்டேன்' என்பது கடைசி வரி. அவர் தாளை வாங்கி முதலிலிருந்து கடைசிவரை படித்தார். கையெழுத்துப் போட்டார். ஈரக் கட்டைவிரல் பதிந்து ஓரத்தில் ஒரு கறை விழுந்தது. பிறகு என்னை முதன்முதலாக நிமிர்ந்து பார்த்துச் சொன்னார்:

"மார்ஜின் விடலையே ஓய்."

நன்றி என்று அவர் சொன்னதாக எனக்கு நினைவில்லை. சொல்லியிருந்தால் நினைவிருக்கும்.

பணிமூப்பு விதி எளிமையானது. முதலில் பணியேற்றவர் மூத்தவர். ஒரே நாளில் ஒருவர் முற்பகலிலும் ஒருவர் பிற்பகலிலும் ஏற்றால் முற்பகல்காரர் மூத்தவர். இருவரும் ஒரே முற்பகலில் ஏற்றால் வயதில் மூத்தவர் மூத்தவர். அவர் என்னைவிடப் பத்தொன்பது நாள் பெரியவர். அந்தத் தாளில் நான் எழுதிய ஒரு சொல்லால் அவர் எனக்கு மேலே போனார். இதைப் புரிந்துகொள்ளத் தர்க்கவியல் முதுகலைப் பட்டம் தேவையில்லை. என்னிடம் அது இருந்தும் எனக்கு இரண்டு ஆண்டுகள் கழித்து, தற்காலிகப் பணிமூப்புப் பட்டியலை அறிவிப்புப் பலகையில் ஒட்டியபோதுதான் புரிந்தது.

ஆட்சேபம் தெரிவிக்கப் பதினைந்து நாள் அவகாசம். நான் தெரிவிக்கவில்லை. என் கையெழுத்தில் இருப்பதை எதிர்த்து நானே மனு எழுதுவது கேவலமாகப் பட்டது. தவிர, இரண்டு பேர் இருக்கும் துறைக்கு ஒருவர் தலைவராக இருந்தால் என்ன கிடைத்துவிடும்? துறை நூலக அலமாரியின் சாவி. அலமாரியில் எண்பது புத்தகம், பாதி செல்லரித்தது. மிச்சப் பாதியை அவர் தின்னட்டும் என்று விட்டேன். பதினாறாம் நாள் பட்டியல் இறுதியானது.

இறுதியான அன்றே அவர் கால அட்டவணை போட்டார். அவருக்கு இரண்டாம் மணியும் மூன்றாம் மணியும். எனக்கு முதல் மணியும் கடைசி மணியும்.

"இது என்ன சார், காலையில ஒண்ணு, சாயந்தரம் ஒண்ணு?"

"நீர் பக்கத்துலதானே இருக்கீர் ஓய். நான் படகைப் பிடிச்சு வரணுமாக்கும்."

"நடுவுல அஞ்சு மணி நேரம் நான் என்ன செய்ய?"

"வாசிக்கலாமே. அலமாரி இருக்கு. சாவி எங்கிட்ட கேளும்."

ஏழு ஆண்டுகள் நான் முதல் மணியும் கடைசி மணியும் எடுத்தேன். வெள்ளிக்கிழமை கடைசி மணிக்குத் தர்க்கவியல் வகுப்பில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளின் முகத்தைப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும், அறிவின் மேல் மனித இனம் கொண்டிருக்கும் பகை எவ்வளவு பழையது என்று.

துறைக்கு ஒரு மேசைதான். எதிரெதிராக இரண்டு நாற்காலி. மூன்றாம் ஆண்டில் நாங்கள் பேச்சை நிறுத்திக்கொண்டோம். காரணம் ஒரு சுண்ணாம்புக்கட்டிப் பெட்டி. அதை விளக்கினால் இரண்டு பேரும் கேவலப்படுவோம். அதன்பிறகு எல்லாம் எழுத்து மூலம்தான். 'அனுப்புநர்: தலைவர், தத்துவத்துறை. பெறுநர்: விரிவுரையாளர், தத்துவத்துறை.' அவர் எழுதி மணியை அடிப்பார். பியூன் வருவார், தாளை வாங்குவார், மேசையைச் சுற்றி மூன்றடி நடந்து என்னிடம் கொடுப்பார். நான் பெற்றுக்கொண்டதற்கு ஒப்பமிட்டுப் பதில் எழுதுவேன். பியூன் மறுபடி மேசையைச் சுற்றுவார். அன்று அவருக்கு முண்டு கொடுத்த அதே பியூன். ஒருநாள் சலித்துப்போய் அவர் கேட்டார்:

"சாரே, ரெண்டு பேருக்கும் நாக்குல ஏதும் சுகக்கேடு உண்டோ?"

கல்லூரி முதல்வர் வேறு ஒரு முடிவுக்கு வந்திருந்தார். அவருடைய கணிப்பில் நாங்கள் இருவரும் தமிழர்கள், ஆகவே கூட்டாளிகள். எங்கள் தமிழ் இரண்டும் ஒன்றல்ல என்று அவருக்குத் தெரியாது. துறைத்தலைவர் வாயைத் திறந்தால் 'ஆக்கும்'. நான் வாயைத் திறந்தால் 'வே'. "நிங்க ரெண்டு தமிழன்மாரும் கூடி ஆலோசிச்சு ஒரு தீருமானம் சொல்லுங்க" என்பார் முதல்வர். நாங்கள் தலையாட்டிவிட்டு வந்து மெமோ எழுதிக்கொள்வோம்.

பட்ட வகுப்பில் அறவியல் தாளை இருவரும் பகிர்ந்துகொண்டோம். கடமை, வாய்மை என்று வரும் முற்பாதி அவருக்கு. ஒரு செயல் நல்லதா என்பதை அதன் விளைவைக் கொண்டு முடிவு செய்யலாமா என்ற பிற்பாதி எனக்கு. எங்கள் கல்லூரிக் கட்டடம் முன்பு கிடங்காக இருந்தது. வகுப்பறைகளுக்கு நடுவே மேலே திறந்த பலகைத் தடுப்புதான். மழைக்காலத்தில் சுவரிலிருந்து இன்னும் மிளகு வாசம் வரும். தடுப்புக்கு மேலாக அடுத்த வகுப்பின் குரல் வரும்.

ஒவ்வொரு செப்டம்பரிலும் அவர் வாய்மை பற்றிய பாடத்துக்கு வருவார். அவருக்கு ஓர் உதாரணம் இருந்தது. ஒருவன் நேற்று விடுப்பு எடுக்கிறான். இன்று வந்து விடுப்பு விண்ணப்பத்தில் நேற்றைய தேதியைப் போடுகிறான். யாருக்கும் நஷ்டமில்லை. தலைமை எழுத்தருக்கும் தெரியும். உலகமே அப்படித்தான் செய்கிறது. "ஆனாலும் அது பொய்யாக்கும்" என்று அவர் குரல் தடுப்பைத் தாண்டி வரும். "ஒரு நாள் பொய், சின்னப் பொய்னு ஒண்ணு கிடையாது. பொய்க்கு அளவு இல்லை." பிறகு சற்று நிறுத்துவார். பிள்ளைகள் குறிப்பெடுக்க நேரம் கொடுப்பார். நல்ல உதாரணம். வகுப்பில்லாமல் அடுத்த காலி அறையில் உட்கார்ந்திருக்கும் நான் அந்த நேரத்தில் வாசிப்பை நிறுத்திவிட்டுக் காத்திருப்பேன். ஒருமுறைகூட அவர் குரல் தடுமாறியதில்லை. ஒன்பது செப்டம்பர்.

எண்பதுகள் தொடங்கியதும் கல்லூரியில் வணிகப் பிரிவு ஆரம்பித்தார்கள். பிரீ-டிகிரி புகுமுக வகுப்பில் கணக்குக்குப் பயந்த பிள்ளைகள்தான் அதுவரை தர்க்கவியலுக்கு வந்துகொண்டிருந்தார்கள். இப்போது தட்டச்சும் வணிகமும் படித்தால் வளைகுடாவுக்குப் போகலாம் என்று எல்லோரும் அங்கே போனார்கள். எங்கள் வகுப்பு மூன்று பிரிவிலிருந்து ஒன்றாகச் சுருங்கியது. வாராந்தர மணிகளைக் கூட்டிப் பார்த்தால் ஓர் ஆசிரியருக்குத்தான் வேலை. விதிப்படி மற்றவர் வீட்டுக்குப் போக வேண்டும். போக வேண்டியவர் இளையவர். எங்களுக்குப் பின்னால் யாரும் இல்லை. இளையவர் என்றால் நான்தான்.

முதல்வர் என்னைக் கூப்பிட்டு, கல்வியாண்டு முடியும்வரை இருக்கலாம் என்றார், உபசாரம் செய்வதுபோல. எனக்கு முப்பத்தாறு வயது. மூத்தவள் நான்காம் வகுப்பு, சின்னவன் இன்னும் பள்ளிக்குப் போகவில்லை. அந்த வயதில், அந்தப் பாடத்தில், இன்னொரு கல்லூரி வேலை எனக்குக் கிடைக்காது. ஏலூர் உரத் தொழிற்சாலைகளில் யாருக்கும் அறவியல் தேவைப்படவில்லை, விசாரித்துப் பார்த்தேன்.

விதிப்புத்தகத்தை எடுத்து உட்கார்ந்தேன். நடைமுறைகள் எனக்கு அப்படித்தான் பழக்கமாயின. மற்றவர்கள் பக்தியால் படிப்பதை நான் பயத்தால் படித்தேன். இறுதியான பணிமூப்புப் பட்டியலைத் திறக்கவே முடியாது. ஒரே ஒரு விலக்கு உண்டு: பட்டியல் மோசடியான ஓர் ஆவணத்தின் அடிப்படையில் அமைந்தது என்று நிரூபித்தால் திறக்கலாம். ஆவணம் இருந்தது. மோசடி இருந்தது. செய்தவன் நான். என் வேலையைக் காப்பாற்ற வேண்டுமென்றால், நான் மோசடிக்காரன் என்று நானே நிரூபிக்க வேண்டும். நிரூபித்தால் மோசடிக்காரனை எப்படி வேலையில் வைத்திருப்பது என்று கேட்பார்கள். வகுப்பில் இருதலைச் சிக்கலுக்கு உதாரணம் தேடி நான் எத்தனையோ நாள் அலைந்திருக்கிறேன்.

கண்காணிப்பாளர் இறந்துபோய் நான்கு ஆண்டாகியிருந்தது. ஜெட்டிக்குப் போய் அந்த நாளின் படகுப் பதிவேட்டைக் கேட்டேன். ஐந்து ஆண்டு ஆனவற்றைக் கழித்துவிடுவார்களாம். விதிப்படிதான் செய்திருந்தார்கள், குறை சொல்ல இடமில்லை. மிச்சம் பியூன்தான்.

பியூனை உணவகத்தின் பின்புறம் வைத்துப் பிடித்தேன். பழம்பொரி தின்றுகொண்டிருந்தார்.

"அந்த சார் சேர்ந்த நாள் நினைவு இருக்கா சேட்டா?"

"பின்னே இல்லாதே! என்றெ முண்டு கொண்டுபோன நாளல்லே?"

"எத்தனை மணிக்கு வந்தார்?"

"அது ஆர் கண்டு? டபுள் முண்டாக்கும் சாரே, கசவு ஜரிகைக் கரை வச்சது. ஓணத்துக்கு வாங்கினது. ஒரு தடவைதான் உடுத்தேன். இந்த ஒன்பது வருஷமா தினம் அந்த சாருக்கு முன்னால நடக்கறேன், 'முண்டு என்னாச்சு'ன்னு கேட்டா, 'துவைச்சுக் கொண்டுவரேன்'ன்னு பறையும். எந்த நாட்டுத் துவையல் சாரே அது?"

அவருக்கு நேரம் நினைவில்லை. எனக்கு நினைவிருந்தது.

"சாப்பாட்டு மணி நீங்கதானே அடிச்சீங்க? மணி அடிச்சிட்டு வந்து முண்டு எடுத்துக் கொடுத்தீங்க. அதுக்கு முன்னால கொடுக்கலை. நல்லா யோசிங்க."

அவர் பழம்பொரியை மென்றபடி என்னைப் பார்த்தார். மடையர் இல்லை.

"அடிச்சிட்டுத்தானா?"

"அடிச்சிட்டுத்தான்."

"அப்போ அடிச்சிட்டுத்தான்" என்றார்.

உண்மையைச் சொல்ல வைப்பதற்காக ஒரு சாட்சிக்கு நினைவை நான் கொடுத்தேன். அவர் சொல்லப்போவது நடந்ததுதான். ஆனால் அது அவருக்குத் தெரியாது. இது பொய்ச் சாட்சியா இல்லையா என்று பிற்பாடு தேர்வுத்தாளில் ஒரு கேள்வியாக வைக்கலாமா என்றுகூட நினைத்தேன். வைக்கவில்லை.

மனுவை எழுத எனக்கு ஒரு வாரம் ஆயிற்று. எட்டுப் பக்கம் வந்தது. என் மனைவி அடுப்படியிலிருந்து வந்து நின்றுகொண்டே படித்தாள்.

"நீங்க எழுதினதுதானே அது?"

"ஆமா."

"அப்ப 'நான்தான் எழுதினேன், பொய்யா எழுதினேன்'னு ஒரு வரி போதும்லா? மத்த ஏழரைப் பக்கம் யாருக்கு? ஒங்களுக்கா?"

ஒரு பக்கமாகச் சுருக்கினேன்.

விசாரணை முதல்வர் அறையில் நடந்தது. நிர்வாகத்தின் சார்பில் மேலாளர் வந்திருந்தார். மிளகு ஏற்றுமதி செய்கிறவர். கல்லூரி நடத்துவது அவர்கள் குடும்பத்துக்குப் புண்ணியக் கணக்கு. பணியேற்பு அறிக்கையைக் கோப்பிலிருந்து எடுத்து மேசையில் வைத்தார். தாள் மஞ்சளாகியிருந்தது. ஓரத்தில் கட்டைவிரல் கறை அப்படியே இருந்தது.

"மாஷே, நிங்க ரெண்டும் தமிழன்மார். உள்ளுக்குள்ள பேசித் தீர்த்துக் கூடாதோ?" என்றார் மேலாளர். வாத்தியார்கள் எல்லோரும் அவருக்கு மாஷ்.

"நாங்கள் பேசிக்கொள்வதில்லை" என்றேன்.

"இது ஆருட எழுத்து?"

"என்னுடையது."

"இதில உள்ளது சரியா, தப்பா?"

"தப்பு."

"எழுதும்போ அது தப்புன்னு அறிஞ்சிருந்தோ?"

"அறிந்துதான் எழுதினேன்."

முதல்வர் மேலாளரைப் பார்த்துச் சொன்னார்: "இவரை நம்ம எத்திக்ஸ் படிப்பிக்க வச்சிருக்கு."

மேலாளர் என் துறைத்தலைவர் பக்கம் திரும்பினார். "மாஷ் பறயூ. அன்னைக்கு எப்போ வந்தது?"

அவர் கதர்ச் சட்டையின் மேல் பொத்தானைப் போட்டுக்கொண்டார். முகத்தில் ஒன்றும் இல்லை.

"ரெக்கார்டு என்ன சொல்றதோ அதாக்கும் என் பதில்."

"ரெக்கார்டு சொல்றது நான் வாசிச்சாச்சு. மாஷ் என்ன சொல்றது?"

"ரெண்டும் ஒண்ணுதான்."

எனக்குப் பொறுக்கவில்லை. ஆறு ஆண்டுகளுக்குப் பிறகு அவரிடம் நேராகப் பேசினேன். "லீவ் லெட்டர்ல தேதியை மாத்துத பாடத்தை இங்க ஒரு தடவை சொல்லும்வே. எல்லாரும் கேப்போம்."

அவரும் ஆறு ஆண்டுகளுக்குப் பிறகு என்னைப் பார்த்தார்.

"அது சிலபஸ் ஓய். இது என் ஜீவிதம்."

அந்த வாக்கியத்துக்காக அவரை நான் மன்னித்திருக்க வேண்டும் என்று என் மனைவி சொல்வாள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அவருக்கு இருந்தது ஒரு ஜீவிதம் என்றால், எதிர் நாற்காலியில் இருந்தவனுக்கு இருந்தது என்ன?

பியூனைக் கூப்பிட்டார்கள். சாப்பாட்டு மணியைப் பற்றிச் சொல்லும்போது அவர் என் பக்கம் ஒரு தரம் பார்த்துவிட்டு, மேலாளரிடம் சொல்லி முடித்தார். முண்டைப் பற்றிச் சொல்லும்போது யாரையும் பார்க்கவில்லை. கசவின் அகலத்தை இரண்டு விரலால் காட்டினார். துவைத்துக் கொண்டுவருகிறேன் என்று கேட்டுக் கேட்டு ஒன்பது ஆண்டு போனதைச் சொன்னார். மேலாளர் வியாபாரி, வாங்கின பொருளைத் திருப்பிக் கொடுக்காதவனை அவருக்கு விளங்கும். முற்பகலையும் பிற்பகலையும்விட அந்த முண்டுதான் அவருக்குள் இறங்கியது என்பதை நான் பார்த்தேன். அவர் திரும்பிக் கேட்டது நேரத்தைப் பற்றியல்ல.

"மாஷே, இந்த ஆளுட முண்டைத் திருப்பிக் கொடுத்தோ?"

அவருக்குக் கழுத்துப் பக்கம் சிவந்தது. ஒன்பது செப்டம்பர்களில் தடுமாறாத மனிதர்.

தீர்ப்பு இரண்டு வாரம் கழித்து வந்தது. நியமனத்தையே செல்லாது என்று சொன்னால் ஒன்பது ஆண்டுகளையும் தோண்ட வேண்டியிருக்கும், அரசு அலுவலகத்துக்கு விளக்கம் எழுத வேண்டியிருக்கும். அதை யாரும் விரும்பவில்லை. ஆகவே அவர் பிற்பகலில் பணியேற்றதாகத் திருத்தம். பணிமூப்பில் நான் மூத்தவன். பொய்ப் பதிவு செய்ததற்காக எனக்குக் கண்டனம். அதைத் தவறென்று நானே ஒப்புக்கொண்டதால் அதற்கு மேல் தண்டனை இல்லை. அவர் எதையும் ஒப்புக்கொள்ளாததால் அவர்மேல் எந்தக் குறிப்பும் இல்லை. இளையவர் என்ற முறையில் கல்வியாண்டு இறுதியில் விடுவிக்கப்படுவார். என் பதிவேடு கறைபட்டு என்னிடம் இருந்தது. அவருடையது சுத்தமாக இருந்தது. இனி அதில் எழுத ஒன்றும் இல்லை.

மார்ச் கடைசி நாள். அவர் அலமாரிச் சாவியையும் வருகைப் பதிவேடுகளையும் பட்டியலிட்டு என்னிடம் ஒப்படைத்தார். நான் ஒவ்வொன்றாகச் சரிபார்த்து ஒப்பமிட்டேன். புத்தகம் எண்பதும் இருந்தன. செல்லரித்தவற்றைத் தனியாகக் குறித்திருந்தார். கடைசியில் விடுவிப்பு அறிக்கை. வெள்ளைத் தாளை எடுத்து மேசையின் குறுக்கே என் பக்கம் தள்ளினார். மணியை அடிக்கவில்லை, பியூனைக் கூப்பிடவில்லை.

"நீரே எழுதும் ஓய். உம்ம கையெழுத்துக்குத்தானே இங்க மதிப்பு."

மணி பத்தரை. பதினொன்றே காலுக்கு எர்ணாகுளம் படகு. விடுவிப்பு அறிக்கையில் எப்போதும் 'பிற்பகல்' என்றுதான் போடுவார்கள். அப்படிப் போட்டால் அந்த நாள் பணிக்காலத்தில் சேரும். காலை ஒன்பது மணிக்குப் போகிறவனுக்கும் பிற்பகல்தான். எல்லா அலுவலகத்திலும் அதுவே வழக்கம். நான் மார்ஜின் விட்டு எழுதினேன். 'இன்று பிற்பகல் பொறுப்பிலிருந்து விடுவிக்கப்பட்டேன்.' அவரிடம் தள்ளினேன்.

அவர் முதலிலிருந்து கடைசிவரை படித்தார். பேனாவைத் திறந்து 'பிற்பகல்' என்பதை ஒரே கோடாக அடித்தார். மேலே 'முற்பகல் 10.30' என்று எழுதினார். அடித்துத் திருத்திய இடத்தில் சுருக்கொப்பம் போட வேண்டும் என்ற விதியை அவர் மறக்கவில்லை. கீழே கையெழுத்துப் போட்டார்.

"ஒரு நாள் போயிடும் சார்" என்றேன். தானாக வாயில் வந்துவிட்டது.

"போகட்டும். உமக்கு நான் ரெண்டாந்தரம் கடன்படறதா இல்லை."

குடையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அவர் ஜெட்டிப் பக்கம் நடப்பதை ஜன்னலிலிருந்து பார்த்தேன். ஒரு கைவண்டிக்கு ஒதுங்கி நின்றார். முண்டு திரும்பி வரவேயில்லை. பியூன் ஓய்வு பெறும்வரை அதைச் சொல்லிக்கொண்டிருந்தார்.

பிற்பாடு தேவராவில் ஒரு தனிப்பயிற்சிக் கல்லூரியில் அவர் தர்க்கவியலும் அறவியலும் எடுப்பதாகக் கேள்விப்பட்டேன். தேர்வில் தோற்ற பிள்ளைகள் அங்கே போய்ப் படித்துவிட்டு, எங்கள் கல்லூரித் தேர்வுக்கூடத்தில் வந்து எழுதுவார்கள். 'நல்ல நோக்கத்தோடு சொல்லப்படும் பொய்' என்ற கேள்விக்கு அவர்களில் ஐந்தாறு பேர் ஒரே மாதிரி பதில் எழுதியிருந்தார்கள் என்று திருத்தும் முகாமில் ஒருவர் என்னிடம் காட்டினார். பதில் இதுதான்: யாரும் கேட்காமல் எழுந்து வந்து இன்னொருவனுக்காகப் பொய் எழுதிக் கொடுக்கிறான் ஒருவன். பிறகு அதையே ஆயுதமாக எடுக்கிறான். அவன் செய்தது உதவி அல்ல, முதலீடு. விடுப்பு விண்ணப்பத்தை விட்டுவிட்டார் போலிருக்கிறது. புது உதாரணம். தாளைத் திருத்துவது நானாக இருந்தால் முழு மதிப்பெண் போட்டிருப்பேன்.

அவர் விடைபெற்ற அதே ஆண்டு செப்டம்பரில் அறவியலின் முற்பாதியும் என் தலையில் விழுந்தது. வாய்மை பற்றிய பாடம் வந்தது. மழை பெய்து சுவர் நாறியது. தடுப்புக்கு அந்தப் பக்கத்து அறை காலி; பழைய பெஞ்சுகளைப் போட்டு வைத்திருந்தார்கள். வேறு உதாரணம் ஒன்று யோசித்து வைத்திருந்தேன். அது தேறவில்லை. பிள்ளைகள் கொட்டாவி விட்டார்கள். நான் விடுப்பு விண்ணப்பத்துக்கே போனேன். நேற்றைய தேதி, யாருக்கும் நஷ்டமில்லை, தலைமை எழுத்தருக்கும் தெரியும். 'ஆனாலும் அது பொய்' என்று சொல்லி, குறிப்பெடுக்க நேரம் கொடுத்து நிறுத்தினேன்.

முந்தைய ஆண்டு தோற்றுப்போய்த் திரும்பி வந்து உட்கார்ந்திருந்த ஒருத்தி கடைசி வரிசையிலிருந்து எழுந்தாள்.

"சார், இது அந்த சாருடைய எக்ஸாம்பிள் அல்லே?"

"ஆமா. உட்கார்" என்றேன். "எழுதிக்கோ."